பிஸ்கட் டப்பாவில் இருந்த பெண்கள்

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்திருந்த உறவுகளெல்லாம் அருவிக்குப் போயிருந்த ஒரு மதியத்தில்தான் அந்தப் பிஸ்கட் டப்பா கிடைத்தது. குற்றாலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இப்படியொரு சங்கடம் உண்டு. துக்க வீட்டுக்கு வருகிறவர்களும் பையில் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகத்தான் வருவார்கள். ஆடி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெரியம்மா பரணைக் காலி செய்யச் சொன்னாள். உடைந்த மர ஸ்டூல், சைக்கிள் டைனமோ, கார்பன் குச்சிகள் கட்டாக, பழைய தினத்தந்திகள், இவற்றுக்கெல்லாம் பின்னால் சணல் கயிறு போட்டுக் கட்டிய சதுரத் தகர டப்பா. மூடியைத் திறந்ததும் ஊறுகாய்ப் பரணியைத் திறந்ததுபோல் ஒரு புளித்த நெடி மூக்கில் ஏறியது. உள்ளே ஃபிலிம் துண்டுகள். ஒன்றிரண்டு சாண் நீளமும் இருந்தது, சுருட்டி நூல் கட்டிய பத்துப் பதினைந்தடி நீளமும் இருந்தது.

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டிலோரத்தில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றும் ஒரு வெள்ளைக்காரப் பெண். கறுப்பு வெள்ளை. அடுத்த சட்டகத்திலும் அவள், அதற்கடுத்ததிலும் அவள், ஒரு மயிரிழை மட்டும் குனிந்து. கையிலிருந்ததைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்யா அதுக்குள்ள என்ன இருக்குன்னு. பேத்திய வாரதுக்குள்ள வெந்நீர் அடுப்புல போட்டுரு."

பெரியப்பா ஆபரேட்டர். தென்காசியைச் சுற்றியுள்ள கிராமங்களில் டூரிங் டாக்கீஸ் காலத்தில் தொடங்கி, பின்பு ஒரு நிரந்தரக் கொட்டகையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஊரில் யாரையும் அதட்டிப் பேசியறியாத மனிதர். தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர். அவர் பரணில் இது என்ன என்று இந்தத் தலைமுறை கேட்கலாம். என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் பிட்டு. காலைக் காட்சிக்கு ஓட்டும் ஏதோவொரு இங்கிலீஷ் படத்தின் அல்லது மலையாளப் படத்தின் நடுவில், அந்தப் படத்துக்கு எந்தச் சம்பந்தமுமில்லாத ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஓடும். காட்டில் துப்பாக்கியோடு போய்க்கொண்டிருந்தவன் மறைந்து, யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அவன் அதே துப்பாக்கியோடு அதே காட்டில் நடப்பான். கொட்டகையில் விசில் அடங்க அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஒற்றை புரொஜக்டர் வைத்திருந்த டூரிங் கொட்டகைகளில் ரீல் மாற்ற எப்படியும் நிறுத்தியாக வேண்டும். ஆகவே ரீலின் தலையிலோ வாலிலோ ஒட்டுவது சுலபம். நிரந்தரக் கொட்டகையில் நடுவில் வெட்டித்தான் சொருக வேண்டும். ஃபிலிமின் பூச்சைப் பிளேடால் சுரண்டி, சிமெண்ட் தடவி, துளைக்குத் துளை பொருந்த வைத்து அழுத்தும் வேலை அது. பெரியப்பா போடும் ஒட்டு கேட்டில் சிக்கி ஒருநாளும் அறுந்ததில்லை என்று அவருடைய சகா ஒருவர் பதினாறுக்கு வந்திருந்தபோது சொன்னார். எந்த ஃபிலிமில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிற்க. என் மனத்தில் அப்போது எழுந்தது வெட்கமோ கோபமோ இல்லை, பேராசை. சில வருடங்களாக ஐரோப்பிய மௌனப்படங்களின் ஆரம்ப காலத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வசூலித்துப் படம் காட்டியது 1895 டிசம்பரில். ஒரு வருடம் முழுதாகப் போவதற்குள், 1896இல், அதே பாரிஸில் யூஜின் பிரூ என்ற புகைப்படக்காரர் மணப்பெண் படுக்கைக்குத் தயாராவதைக் காட்டும் படமொன்றைத் தயாரித்துவிட்டார். இயக்கியவர் லெயார் என்ற பெயரில் அறியப்பட்ட ஆல்பெர் கிர்ஷ்னர். மேடையில் அந்தக் காட்சியை நடித்துப் புகழ்பெற்ற லூயிஸ் வில்லியே படத்திலும் நடித்தார். இன்று அதில் ஒரு சிறு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. 1897இல் ஜார்ஜ் மெலியே, நடனத்துக்குப் பிறகு சீமாட்டி ஒருத்தி குளிப்பதைப் படமெடுத்தார். நடித்த ஜான் தால்சி உடம்போடு ஒட்டிய மெல்லுடை அணிந்திருந்தார். பின்னாளில் அவர்கள் இருவரும் மணந்துகொண்டார்கள். சந்திரனுக்கு ராக்கெட் விட்ட மெலியேயை நமக்குத் தெரியும். இந்த மெலியேயை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

கட்டிலோரத்துப் பெண்ணைப் பார்த்ததும் என் புத்தி போன இடம் அது. ஏதோ ஒரு கப்பலில் ஏறி, பம்பாய்க்கோ கொழும்புக்கோ வந்து, கைமாறிக் கைமாறித் தென்காசியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிய மௌனப்படத் துண்டாக இது இருந்துவிட்டால்? அன்றிரவு தூங்கவில்லை. பயமும் இருந்தது. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட் அடித்தளம் கொண்டது. வெடிமருந்துப் பஞ்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டாலும் தானாகவே பிசுபிசுத்து, நுரைத்து, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். 1950களின் தொடக்கத்தில்தான் உலகம் அதைக் கைவிட்டது. நமது புனேயில் 2003 ஜனவரியில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தபோது ஏராளமான பழைய படங்கள் ஒரே நாளில் போயின. அப்படிப்பட்ட ஒன்றை வெந்நீர் அடுப்பில் போடச் சொல்லியிருந்தாள் பெரியம்மா.

விடிந்ததும் ஒரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். பேராசை ஐந்து நிமிடத்தில் கலைந்தது. துளைகளுக்கும் படத்துக்கும் நடுவே மெல்லிய கோடாக ஒலித்தடம் ஓடியது. மௌனப்படத்தில் அதற்கு ஏது வேலை? ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட். அந்தப் புளித்த நெடியும் அதனால்தான். அசிட்டேட் சிதையும்போது காடி அமிலம் வெளிப்படும். ஈரமும் வெப்பமும் அதைத் துரிதப்படுத்தும், வெளிப்பட்ட அமிலமே சிதைவை மேலும் வளர்க்கும், பக்கத்திலிருக்கும் நல்ல ஃபிலிமுக்கும் அது தொற்றும். காற்றுப் புகாமல் இறுக்கி மூடிய டப்பா அதற்கு மிக உகந்த இடம். பெரியப்பா பத்திரமாக மூடி, கயிறு போட்டுக் கட்டி, வருடத்தில் பாதி மாதம் சுவர் வியர்க்கும் ஊரில் பரணேற்றியிருந்தார். நான் நினைத்ததைவிட ஐம்பது அறுபது வருடம் இளையவள், கட்டிலோரத்துப் பெண்.

வந்த ஏமாற்றத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீட்டில் அடை சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் வியன்னாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யோஹான் ஷ்வார்ட்ஸர் என்ற புகைப்படக்காரர் 1906இல் அங்கே சாட்டர்ன் என்ற படக் கம்பெனியைத் தொடங்கினார். ஆஸ்திரியாவில் கதைப்படம் என்று ஒன்றை முதலில் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் எடுத்தவை ஆண்கள் மட்டும் கூடும் மாலைக் காட்சிகளுக்கான படங்கள். ஓரிரு நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை ஓடும். மணற்குளியல், புகைப்பட நிலையத்தில் ஒரு மாதிரிப் பெண், அடிமைச் சந்தையில் விற்பனைக்கு நிற்கும் பெண்கள். கேமரா அசையாது. இவற்றில் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். இன்றைய கண்ணுக்கு அவை ஏறக்குறைய சாதுவானவை. அடிமைச் சந்தைப் படத்தை மட்டும் என்னால் சாதுவானது என்று சொல்ல முடியவில்லை. கீழைத்தேசத்து உடை மாட்டிய ஆண்கள் பெண்களை விலை பேசுவதை, விலை கொடுத்து உள்ளே வந்த வியன்னா ஆண்கள் பார்த்திருப்பார்கள். தன் படங்கள் கலைநோக்கம் கொண்டவை என்று சாட்டர்ன் விளம்பரப்படுத்தியது. 1911இல் அரசு அதை இழுத்து மூடி, கைக்கு அகப்பட்ட படங்களை அழித்தது. ஷ்வார்ட்ஸர் 1914இல் முதல் உலகப் போரின் கிழக்குப் போர்முனையில் இறந்தார்.

அழித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். படங்கள் ஏற்கெனவே பல நாடுகளுக்கு விற்பனையாகியிருந்தன. வாங்கியவர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். அவர்கள் செத்தபின் வாரிசுகள் வெட்கப்பட்டுக்கொண்டே சேகரிப்பாளர்களிடம் தள்ளிவிட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆஸ்திரியத் திரைப்படக் காப்பகம் அவற்றைத் தேடிச் சேர்த்து, சீர்செய்து, வெளியிட்டது. இன்று யாரும் பார்க்கலாம். மரியாதைக்குரிய மெலியேயின் கதி இதற்கு நேர் எதிர். அவருடைய படச்சுருள்களில் ஒரு பகுதி போர்க்காலத்தில் உருக்கப்பட்டுச் சிப்பாய்களின் பூட்ஸ் குதிகாலாக ஆயிற்று. மிஞ்சிய நெகட்டிவ்களை 1923இல் மனம் வெறுத்து அவரே தீயிட்டார். அவருடைய படங்களிலும் இன்று நமக்குக் கிடைப்பவை வேறெங்கோ யாரோ பரணில் போட்டு வைத்திருந்த பிரதிகளிலிருந்து வந்தவைதான்.

குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு சிருங்காரம் எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்று யோசித்தால் குறவஞ்சியை நினைக்காமல் இருக்க முடியாது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் வசந்தவல்லி பந்தடிப்பதைப் பாடிய பாட்டுகளுக்குப் பதிலாக மதுரை நாயக்கரிடமிருந்து நிலமே மானியமாக வந்தது. குறவஞ்சி மேடு என்று பெயர். எங்கள் பள்ளிக்கூடத்தில் மலைவளப் பாட்டை மட்டும் நடத்திவிட்டு வாத்தியார் புத்தகத்தை மூடினார். ஆனாலும் வசந்தவல்லி பத்திரமாக இருக்கிறாள். அவள் காதலித்தது குற்றாலநாதரை அல்லவா. சாமியை மோகித்தவளை யார் அடுப்பில் போடுவார்கள்?

மாந்தரை மோகித்தவர்கள் கதை வேறு. குற்றாலத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் போனால் செங்கோட்டை. 1949 வரை அது திருவிதாங்கூர். அதே திருவிதாங்கூரின் தலைநகரில்தான் ஜே.சி. டேனியல் ‘விகதகுமாரன்’ எடுத்தார். மௌனப்படம். மலையாள சினிமாவின் முதல் படம் என்று கொண்டாடப்படுவது. திரையிட்ட ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு. சொத்தை விற்று எடுத்தார். சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடிக்க அவர் கண்டுபிடித்தது பி.கே. ரோஸியை. புல்லறுக்கும் வேலையும் நாடக நடிப்புமாக இருந்த தலித் பெண். கேபிடல் கொட்டகையில் படம் ஓடியபோது, கதாநாயகன் அவள் கூந்தலில் இருந்த பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்ததாகச் சொல்கிறார்கள். பூவைத்தான். வியன்னாக்காரர்கள் சிரித்திருப்பார்கள். இங்கே திரையின்மேல் கல் விழுந்தது. திரை கிழிந்தது. தாழ்ந்த சாதிப் பெண் உயர்ந்த சாதிப் பெண்ணாகத் திரையில் நிற்பதும், அவளை ஒருவன் ஆசையோடு பார்ப்பதும், அதைத் தாங்களும் பார்த்துவிட்டதும் கூடியிருந்தவர்களால் பொறுக்க முடியாததாயிருந்தது. ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் வந்தார், அந்த லாரியின் ஓட்டுநரையே மணந்தார், ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார். மறுபடி நடிக்கவில்லை.

டேனியலும் அதன்பின் கதைப்படம் எடுக்கவில்லை. பல் மருத்துவரானார். பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் பல் பிடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் யார் என்று வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் தாத்தா ஒருவர் பாளையங்கோட்டையில் பல் கட்டிக்கொண்டவர். அவரிடம்தானோ என்று எனக்கு ஒரு வீண் கற்பனை உண்டு. 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் டேனியல் இறந்தார். விகதகுமாரனின் சுருள்களை அவருடைய மகனே சிறுவயதில் விவரம் தெரியாமல் எரித்து விளையாடிவிட்டார். பெரியவரான பிறகு அந்தக் குற்றவுணர்வைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். நைட்ரேட் எப்படி எரியும் என்று வாசித்தவன் என்ற முறையில், அந்தப் பையன் பிழைத்ததே பெரிது என்று தோன்றுகிறது.

இந்தியா எடுத்த மௌனப்படங்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். துண்டும் துணுக்குமாகச் சேர்த்தாலும் மிஞ்சியவை முப்பதைத் தாண்டுமா என்பது சந்தேகம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. தென்னாட்டிலிருந்து நமக்கு மிஞ்சியதாகக் கைநீட்டிக் காட்ட முடிவது ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). நாகர்கோவில் சுந்தர் ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய படம். அது பிழைத்ததும் யாரும் காப்பாற்றியதால் அல்ல. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலுக்கு உரிமை வைத்திருந்த புத்தக நிறுவனம் வழக்குப் போட்டு, படம் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, பிரதி அந்தப் புத்தகக் கிடங்கிலேயே முடங்கிக் கிடந்தது. ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும். 1970களில் பி.கே. நாயர் காலத்துப் புனே காப்பகம் அதை மீட்டது. ஒரு படம் தங்க வேண்டுமானால் அது ஜப்தியாக வேண்டும், அல்லது யாரோ அதை வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டும் என்று ஆகிறது.

ரோஸியை ஒளித்து வைக்கவும் யாரும் இல்லை. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவருக்கு ஓவியம் வரைந்தது. அவருடையது என்று இணையத்தில் ஒரு புகைப்படம் சுற்றிவருகிறது, அது அவர்தானா என்று உறுதியில்லை. சாட்டர்ன் படங்களில் நடித்த பெண்கள் பலருடைய பெயர் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர்கள் இடுப்பு மச்சம்வரை நமக்குத் தெரிகிறது. ரோஸியின் பெயரில் இன்று திரைப்பட விழா நடக்கிறது, முகம் தெரியவில்லை. அந்தப் பூ முத்தக் காட்சி ஓரடி ஃபிலிமாக, பதினாறு சட்டகமாக, எவனோ ஒரு வக்கிரம் பிடித்த ஆபரேட்டர் வெட்டி எடுத்துப் பரணில் போட்டிருந்தால் அவரை நாம் பார்த்திருப்போம். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. ஆனால் பெரியப்பா டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நான் நினைத்தது இதைத்தான்.

டப்பாவில் எல்லாம் வெள்ளைக்காரிகள் இல்லை. அடியில், நிறம் மங்கிச் செம்மை மட்டும் தங்கிவிட்ட ஒரு சுருளில், நம்மூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் இறங்குகிறாள். பெரிதாக ஒன்றுமில்லை, குற்றாலத்தில் தினமும் பார்க்கிற கோலம். துண்டின் கடைசிப் பத்துச் சட்டகங்களில் அவள் நடிப்பதை விட்டுவிட்டாள். "கட்" சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, துண்டு கேட்டு யாரையோ நோக்கிக் கையை நீட்டுகிறாள். படத்தில் வைத்துக்கொள்ள ஒன்றுக்கும் ஆகாத சட்டகங்கள். பெரியப்பா நினைத்திருந்தால் வெட்டிப் போட்டிருக்கலாம். அவர் போடும் ஒட்டு அப்படிப்பட்டது.

எப்போது பின்னால் வந்து நின்றாளோ தெரியவில்லை, பெரியம்மா கேட்டாள்: "என்னய்யா அப்படிப் பாக்க?"

நான் பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்னவோ. ஜன்னலோரம் போய், கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"குளிருதுல்லா அவளுக்கு," என்றாள். பிறகு, "யாரு பெத்த பிள்ளையோ. இருந்தா இப்ப எனக்குக் கொஞ்சம் எளையவளா இருப்பா. பேரப்பிள்ள எடுத்திருப்பா."

"இத எரிச்சிரவா பெரியம்மா?"

பதில் சொல்லவில்லை. அருவிக்குப் போனவர்கள் திரும்பும் சத்தம் தெருமுனையில் கேட்டது.

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். காப்பகம் எதற்காவது கொடுக்கலாமே என்று ஏற்கெனவே ஒருவர் சொன்னார். கொடுக்கலாம். பிட்டு கலாசாரத்தைப் பற்றி அந்நிய நாட்டு ஆய்வாளர்களே புத்தகம் எழுதுகிறார்கள். வங்கதேசத்தில் இதே வழக்கத்தைப் பற்றி லோட்டே ஹூக் எழுதிய புத்தகம் 2014இல் வந்தது. ஆனால் எந்தப் பெயரில் பதிவேட்டில் ஏற்றுவார்கள்? ‘அடையாளம் தெரியாத பெண், ஓடை’ என்றா? அவள் அந்த ஓடையில் இறங்கியது ஏதோ ஒரு படத்துக்காக. அதிலிருந்து அவளை வெட்டியெடுத்து, வேறு ஏதேதோ படங்களின் நடுவே வருடக்கணக்காகக் குளிக்க வைத்தவர்கள் அவளிடம் கேட்கவில்லை. அவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். காப்பகமும் கேட்கப் போவதில்லை, கேட்க வழியுமில்லை. நூறு வருடம் கழித்து அது சரித்திரமாகிவிடும் என்கிறார்கள். நூறு வருடம் ஆக இன்னும் ஐம்பது இருக்கிறதே, அதுவரை அது என்ன? எனக்கு விடை தெரியவில்லை. எரித்துவிட்டால் மட்டும் அவளுக்கு நியாயம் செய்ததாக ஆகுமா என்றும் தெரியவில்லை.

மறுநாள் கிளம்பும்போது டப்பாவை என் பையில் வைத்துக்கொண்டேன். பெரியம்மா பார்த்தும் பார்க்காதவள்போல் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்ததும் முதல் வேலையாகத் துண்டுகளைத் தகரத்திலிருந்து எடுத்து, நூலை அவிழ்த்து, காற்றாடும் அட்டைப் பெட்டிக்கு மாற்றினேன். சிதைந்துகொண்டிருப்பவற்றைத் தனியாகப் பிரித்தேன். கட்டிலோரத்துப் பெண் பாதிக்கு மேல் சுருங்கி, துளைகள் வரிசை கலைந்துவிட்டன. இனி எந்த புரொஜக்டரிலும் ஓட மாட்டாள். ஓடைப் பெண் தேவலை. குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்கிறது வாசித்ததெல்லாம். அப்படியொரு இடம் என் வீட்டில் அரிசி டிரம் இருக்கும் அறை மட்டும்தான். மனைவிக்கு விஷயம் தெரியும். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

பெரியம்மா மாதத்துக்கு ஒருதரம் பேசுவாள். இந்த வருஷம் சாரல் எப்படி, ஐந்தருவியில் கூட்டம் எப்படி என்று சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன் தவறாமல் கேட்பாள்.

"அந்தப் புளிச்ச வாட போயிட்டாய்யா?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு பெரியம்மா."

"நல்லாக் காத்தோட்டமா வையி."